முன்னர் உயிர், பின்னர் நோய்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பயின்றோர், மருத்துவன் செய்யத்தகும் தொழிலின் முறைவைப்பை நன்கறிவர். நோய் இன்னதென முதற்கண் ஆராய்ந்து, அது தோன்றிய காரணத்தை அடுத்து ஆராய்ந்து, தணிக்கும் வழியை மூன்றாவதாகத் தேர்ந்து, அதன் பின்னரே பிழையாமற் செயற்பட வேண்டுமென்று வள்ளுவர் வகுத்தார். நாட்பட்ட இருமலுக்கும் நீரிழிவுக்கும் இம்முறை இன்றும் பொருந்துவதே. ஆயின் பெரிய மருத்துவமனைகளின் வாயிலை அடுத்து, இரவும் பகலும் கதவடையாது விளக்கெரியும் ஒரு பகுதி உண்டு. முதியோர் அதனைக் ‘காஷுவாலிட்டி’ என்பர். இப்போது பலகையில் எழுதியிருக்கும் பெயர் அவசர சிகிச்சைப் பிரிவு என்பது. அவ்விடத்தில் மேற்கூறிய முறை தலைகீழாகின்றது. நோயின் பெயர் தெரியுமுன்னரே சிகிச்சை தொடங்கிவிடுகின்றது. அஃது ஏன் என்பதனை என்னால் இயன்றவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். யான் மருத்துவ மாணவன் அல்லேன், தமிழ் பயில்பவன். எனினும் ஒரு காலைப்பொழுது அங்கு நின்று கண்டதும், கண்டதன் பொருள் விளங்காமையால் பின்னர் நூல்களைத் தேடிக் கற்றதும் இதனை எழுதத் தூண்டின.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் விடியலில் என் ஆச்சி கிணற்றடியில் வழுக்கி வீழ்ந்தார்கள். ஊன்றிய வலக்கை மணிக்கட்டில் வீங்கிக் கோணிவிட்டது. நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். வாயிலில் நின்ற செவிலியர் ஒருவர் நாடியைப் பார்த்தார், மூச்சை எண்ணினார், விரல்களை அசைக்கச் சொன்னார், விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டி எடுத்தார். பின்னர்ப் பச்சைநிறப் பட்டையொன்றைக் கட்டி, கைக்கு ஒரு தாங்கலும் கொடுத்து, விசுப்பலகையில் அமரச் செய்தார். இவையெல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்தன. அதன்பின் எங்களை எவரும் அழைக்கவில்லை. எங்களுக்குப் பின் வந்த மூவர் உள்ளே சென்றனர். மூன்றாமவன் பத்து வயதுச் சிறுவன். உழவராகிய தந்தையின் தோளில் உறங்குவான்போற் கிடந்தான். உடம்பில் ஒரு காயமும் இல்லை. அவனை அவர்கள் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஆச்சியோ வலி பொறாது அரற்றிக்கொண்டிருந்தார்கள். யான் எழுந்து, முதலில் வந்தவர் நாங்களே என்றும், இது நீதியன்று என்றும் உரத்த குரலில் வழக்குரைத்தேன். அச்செவிலியர் சினங்கொள்ளவில்லை. “தம்பி, ஆச்சி அழுகிறார்கள், அழுவதற்கு அவர்களுக்கு மூச்சு இருக்கிறது. அந்தப் பையன் அழவில்லை, பார்த்தீர்களா?” என்றார். யான் அமர்ந்துவிட்டேன்.

வரிசையை நோயின் கடுமை கொண்டு அமைக்கும் இவ்வழக்கத்தைப் பிரெஞ்சு மொழியில் ‘ட்ரியாஜ்’ என்பர். தரம் பிரித்தல் என்பது அதன் பொருள். இதன் வரலாறு போர்க்களத்தில் தொடங்குகின்றது. நெப்போலியனுடைய படை மருத்துவராயிருந்த தொமினீக் லாரே என்பவர், போர் முடியுமட்டும் புண்பட்டோர் களத்திலேயே கிடந்து மாள்வதைக் கண்டு, 1790களில் விரைந்தோடும் குதிரை வண்டிகளை அமைத்துப் போர் நடக்கும்போதே அவர்களை எடுத்துவரச் செய்தார். படைத்தலைவன், போர்வீரன் என்னும் வேறுபாடு கருதாது, புண் மிகக் கடியதாய் இருப்பவனுக்கே முதற்சிகிச்சை என்பதும் அவர் வகுத்த நெறி. இன்று சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறங்களால் அதனைக் குறிக்கின்றனர். சிவப்பு உடனே உயிருக்கு இடையூறுள்ளவர், மஞ்சள் சிறிது பொறுக்கக்கூடியவர், பச்சை காத்திருக்கத்தக்கவர். சிபாரிசுக் கடிதம் செல்லாத இடம் நம் நாட்டில் ஒன்றேனும் இருக்க வேண்டுமாயின் அஃது இவ்வாயிலாகவே இருத்தல் வேண்டும்.

அரைக்கதவின் வழியே அச்சிறுவனுக்கு நிகழ்ந்ததை யான் கண்டேன். இளைஞராகிய மருத்துவ அம்மையார் ஒருவர் அவன் தலையைச் சற்றே பின்சாய்த்து மோவாயை உயர்த்தினார். வாயில் நிறைந்திருந்த உமிழ்நீரை ஒரு குழாயால் உறிஞ்சி எடுத்தார். முகத்தில் மூடியொன்றைப் பொருத்தி, அதனோடு இணைந்த பையைப் பிசைந்து பிசைந்து காற்றூட்டினார். பின்னர் மூச்சுக்குழலில் ஒரு குழாய் செலுத்தப்பட்டது. அதுவரை அவர் தந்தையை நோக்கி ஒரு சொல்லும் கேட்டிலர். இஃது எனக்குப் பெருவியப்பை விளைத்தது. என்ன நோயென்று கேளாமலே இவ்வளவும் செய்வதா?

செய்யத்தான் வேண்டும் என்பது பின்னர்க் கற்றபோது விளங்கிற்று. உயிர்க்காற்று கிட்டாதாயின் நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்குகின்றது. நோயின் பெயரை ஆராய அதனினும் மிகுதியான நேரம் வேண்டும். ஆகவே எந்நோயாயினும் உயிர் எவ்வழியே பிரிகின்றதோ அவ்வழியை முதலில் அடைப்பதே அங்குள்ள விதி. மூச்சு செல்லும் வழி திறந்துள்ளதா? மார்பு காற்றை ஏற்கின்றதா? குருதி ஓடுகின்றதா? அறிவு எந்நிலையில் உளது? ஆடையை நீக்கிப் பார்க்குமிடத்து மறைந்த காயம் ஏதேனும் உண்டா? இவ்வைந்தும் இவ்வரிசையிலேயே நோக்கப்படும். முன்னதில் குறை காணின், அதனைச் சரிசெய்யாமல் பின்னதற்குச் செல்லலாகாது. விரைந்து கொல்வது எதுவோ அது முன்வைக்கப்பட்டுள்ளது. அவ்வளவே இவ்வரிசையின் இரகசியம்.

விபத்துச் சிகிச்சையில் இவ்வரிசை உலகெங்கும் பரவியதற்கு ஒருவரது துயரம் காரணமாயிற்று. ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர், 1976ஆம் ஆண்டில் தம் குடும்பத்தாருடன் தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் நெபிராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் வீழ்ந்தது. மனைவி இறந்தார், மக்கள் காயமுற்றனர். அவர்களைக் கொண்டுசென்ற சிற்றூர் மருத்துவமனையில் எதை முதலிற் செய்வது என்னும் ஒழுங்கு இல்லாமையை அவர் கண்கூடாகக் கண்டார். அதன் பயனாக 1978இல் ஒரு பயிற்சிமுறை தோன்றிற்று. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்றது. அப்பயிற்சியில் வரும் ஓர் எடுத்துக்காட்டு என் மனத்தைக் கவர்ந்தது. மார்பில் அடிபட்டவனுக்குச் சிலபோது நுரையீரலினின்று காற்றுக் கசிந்து, வெளியேற வழியின்றி மார்புக்கூட்டினுள் அடைபட்டு, நுரையீரலையும் இதயத்தையும் ஒருபுறம் நெருக்கும். எக்ஸ்ரே படத்தில் இது தெளிவாய்த் தெரியும். ஆயினும் படமெடுத்து வரக் காத்திருத்தல் பிழை என்கின்றனர். கண்ணாலும் காதாலும் கையாலும் உணர்ந்த அளவிலேயே ஊசியாலோ சிறு கீறலாலோ அக்காற்றுக்கு வழிசெய்ய வேண்டும். சான்று முழுதும் வரும்வரை பொறுப்பதே அறிவுடைமை என்று கற்பிக்கப்பட்ட எம்மனோர்க்கு இது புதுமையான பாடம்.

இனி, உயிர் நிலைப்பட்டபின் நோயை ஆராயும் முறையும் அங்கே வேறு. வழக்கமான மருத்துவர், இக்குறிகளுக்குப் பெரும்பாலும் காரணமாவது எது என்று எண்ணுவார். அவசரப் பிரிவின் மருத்துவரோ, இக்குறிகளுக்குக் காரணமாகக்கூடியவற்றுள் விரைவிற் கொல்வது எது என்று எண்ணுவார். நெஞ்செரிச்சல் என்று வருவோருள் பலருக்கு இருப்பது நெஞ்செரிச்சலே. எனினும் வந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஏனெனில் இதயத்தின் அடிப்பகுதிக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடின் அவ்வலி மேல்வயிற்றிலேயே தோன்றக்கூடும். நம்மவர் அதனை ‘வாயு’ என்று கூறி, சோடாவும் இஞ்சிச் சாறும் குடித்து, விடியட்டும் என்றிருப்பர். நீரிழிவுடையோர்க்கும் முதியோர்க்கும் பெண்டிர்க்கும் சிலபோது வலியே தோன்றாது வியர்வையும் இளைப்பும் மட்டுமே தோன்றும். முதற்படம் குற்றமற்றதாயினும் நோயாளரை அனுப்பிவிடார். சிறிது நேரங்கழித்து மீண்டும் படமெடுத்து, இதயத்தசை சிதையும்போது குருதியிற் கலக்கும் ட்ரோபோனின் என்னும் பொருளையும் அளந்து பார்ப்பர். அடைப்பு உறுதியாயின், கட்டியைக் கரைக்கும் மருந்தை 30 நிமிடத்துக்குள் ஏற்றுதல், அல்லது வசதியுள்ள இடமாயின் வந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைக் குழாய்வழி நீக்குதல் இலக்காகும்.

பக்கவாதத்திலும் காலமே பெரிது. வாய் கோணுதல், ஒரு கை தளர்ந்து வீழ்தல், சொல் குழறுதல் என்னும் மூன்றனுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் ஐயுற வேண்டும். மூளையின் குருதிக்குழாய் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. ஆயினும் இங்கே விரைவு மட்டும் போதாது. அடைப்பாலும் பக்கவாதம் வரும், குழாய் வெடித்துக் குருதி கசிவதாலும் வரும், புறத்தோற்றம் ஒன்றே. அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கசிவுடையவனுக்கு ஏற்றுவது கொலையாகவே முடியலாம். ஆதலின் சி.டி. படம் எடுத்தே தீரவேண்டும். அதற்கும் முன்னர் விரல் நுனியிலிருந்து ஒரு துளி குருதியெடுத்துச் சர்க்கரையை அளப்பர்; சர்க்கரை மிகக் குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும், அதற்குச் சர்க்கரைநீர் ஏற்றினால் சில நிமிடத்தில் நோயாளி எழுந்து பேசுவான். அடைப்பென்று தெளிந்தால் மருந்து ஏற்றப் பொதுவாக நான்கரை மணி நேரம் வரை இடமுண்டு. அந்நேரத்தை எண்ணத் தொடங்குவது மருத்துவமனைக்கு வந்தபொழுதிலிருந்து அன்று. நோயாளி கடைசியாக நலமுடன் காணப்பட்ட பொழுதிலிருந்து. அதனைச் சொல்லத்தக்கவர் வீட்டாரேயன்றி மருத்துவரல்லர்.

பூச்சிக்கொல்லி மருந்து உட்கொண்டு வருவோரும் நம் உழவுநாட்டில் பலர். அவ்வகையுட் பெரும்பாலானவற்றில் கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கும். வாயும் மார்பும் நீர் சுரந்து நிறையும். அட்ரோபின் ஏற்றி, சில நிமிடங்களுக்கொருமுறை அளவை இரட்டித்து, மார்பின் நீர் வற்றுமட்டும் கொடுத்துக்கொண்டே செல்வர். எந்த மருந்துப் புட்டி என்பதை வீட்டார் மறைத்தல் பெருந்தீங்கு.

இனி அச்சிறுவனிடம் வருவோம். மூச்சுக் குழாய் பொருத்திய பின்னரே அம்மையார் தந்தையை நோக்கினார். “இராத்திரி எங்கே படுத்திருந்தான்?” என்பது முதல் வினா. “தரையிலே பாயில்தான், அம்மா” என்றார் அவர். “எழுந்ததும் என்ன சொன்னான்?” “மூணு மணிக்கு வயிற்றுவலி என்று அழுதான். ஓமத்தண்ணீர் கொடுத்தோம். அப்புறம் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றான்.” இமைகள் இரண்டும் தாழ்ந்து, விழுங்கும் வலியும் பேசும் வலியும் போய், இறுதியில் மூச்சுத் தளர்ந்த வரிசையைக் கேட்டவுடன் அவர் ‘கட்டுவிரியன்’ என்றார். பாம்பை எவரும் கண்டிலர், கடிவாயும் புலப்படவில்லை. முன்னும் பின்னும் நோக்கிப் பாட்டிற்குப் பொருள் காணும் உரையாசிரியர்களை யான் வியந்ததுண்டு. அன்று கேட்ட இரண்டு வினாக்கள் அவ்வியப்புக்குக் குறைந்தனவல்ல.

கட்டுவிரியன் இரவில் ஊர்வது. தரையில் உறங்குவோரைத் தீண்டும்; அதன் பல் நுண்ணிதாகலின் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. நஞ்சு நரம்பின் முனைகளைத் தாக்குவதால் தசைகள் ஒவ்வொன்றாய் அயரும். நம் நாட்டில் மக்களை மிகுதியும் கொல்லும் நான்கனுள் நல்லபாம்பின் நஞ்சும் நரம்பைத் தாக்குவதே. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சோ குருதியை உறையாமற் செய்யும். இதனை அறிய அங்குள்ள சோதனை மிக எளியது. தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயொன்றில் சிறிது குருதியை இட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். உறையாமல் ஓடுமாயின் விரியனின் நஞ்சு என ஐயுறலாம். பெரிய கருவிகள் வேண்டா. ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் போதும். எங்கள் சிறுவனின் குருதி உறைந்தது. அதுவும் ஒரு சான்றாயிற்று.

நஞ்சுமுறி மருந்து மேற்கூறிய நான்கிற்கும் ஒன்றே. குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சேற்றி, அதன் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பர். 1890களில் பிரெஞ்சு அறிஞர் கால்மெத் இவ்வழியைக் கண்டார். அதற்குரிய நஞ்சைச் சேகரிப்பதில், 1978இல் நிறுவப்பெற்று மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் தொழில் செய்யும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பெரும்பங்கு கொண்டுள்ளது. பாம்பை அடித்தறிந்த பழங்குடியின் கலையே பாம்புக் கடிக்கு மருந்தாயிற்று. இம்மருந்தில் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் அளவு ஒன்றே என்பது முதலில் எனக்குப் பிழையாகத் தோன்றிற்று. எண்ணிப் பார்த்தால், பாம்பு ஆளின் வயதறிந்து நஞ்சைக் குறைப்பதில்லையே! ஆயினும் கடிபட்டோர் அனைவர்க்கும் இதனை ஏற்றுதல் கூடாது. நஞ்சிறங்காத கடியும் உண்டு. நஞ்சில்லாப் பாம்பும் உண்டு. மருந்தே சிலருக்கு ஒவ்வாமையால் உயிருக்கு இடையூறாகும். அதற்கு மாற்றாக அட்ரினலின் ஊசியை அருகே வைத்துக்கொண்டே தொடங்குவர். குறிகள் தோன்றாதவனை 24 மணி நேரம் விழித்திருந்து பார்த்துக்கொள்வதும் அங்கே ஒரு சிகிச்சைதான். விரையவேண்டிய இடத்தில் விரைவதும், பொறுக்கவேண்டிய இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒருவரிடமே அமைதல் அரிது. இந்தியாவில் அவசர மருத்துவம் தனிப் பட்டப்படிப்பாக 2009ஆம் ஆண்டில்தான் ஏற்கப்பட்டது என்பதை நோக்க, அதுவரை இப்பொறுப்பைச் சுமந்த இளமருத்துவர்களை எண்ணி இரங்கவும் தோன்றுகின்றது.

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. மருந்தில்லாமையினும் காலந்தாழ்த்தலே இவர்களுட் பலரைக் கொன்றிருக்கும் என்று எண்ணுகின்றேன். கயிற்றால் இறுகக் கட்டுதல், கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், மந்திரிப்போரைத் தேடிச் செல்லுதல் ஆகிய இவையெல்லாம் நேரத்தைத் தின்பன. சில, உறுப்பையும் தின்பன. கடிபட்ட உறுப்பை எலும்பு முறிந்ததற்குப் போல் மட்டையில் வைத்து அசையாமற் செய்து, கடிபட்டவனை நடக்கவிடாது, விரைந்து கொண்டுசெல்லுதலே செயற்பாலது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வரும். தரையில் உறங்குவோர் கொசுவலையைப் பாயின் அடியிற் சுற்றிலும் செருகிக்கொண்டால் கட்டுவிரியன் உட்புகாது.

மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கென்று கூறப்புகுந்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்பனவற்றோடு அருகிருந்து உதவுவோனையும் ஒன்றாக எண்ணினார். அவசரப் பிரிவில் அந்நான்காமவன் பெரும்பாலும் வழிப்போக்கனாகவே இருக்கின்றான். சாலையிற் கிடந்தவனைத் தூக்கிவந்தால் காவல்நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமே என்னும் அச்சம் நம்மவர்க்கு நெடுநாளாக உண்டு. 1989இல் உச்சநீதிமன்றம், விபத்துற்றோர்க்குச் சட்டச் சடங்குகளை எதிர்பாராது உடனே சிகிச்சையளித்தல் ஒவ்வொரு மருத்துவரின் கடமையென்று தீர்ப்பளித்தது. 2016இல், உதவ வந்தோரைத் துன்புறுத்தலாகாது என்னும் விதிமுறைகளுக்கு அந்நீதிமன்றமே ஆற்றல் தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு இடம்பெற்றது. எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனின் பெயராலேயே சட்டம் இன்று அவ்வுதவியாளனை அழைக்கின்றது. ஞாயிறு பள்ளியில் அக்கதையைக் கேட்டபோது, ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்றது கன்னெஞ்சினால் என்றே யான் எண்ணியிருந்தேன். சாட்சி சொல்ல இழுப்பார்கள் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்திருக்குமோ என்று இப்போது ஐயுறுகின்றேன்.

ஆச்சியின் கைக்கு நண்பகல் கழிந்தே மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒரு வாரங்கழித்துக் கட்டைக் காட்டச் சென்றபோது அச்சிறுவனைத் தேடிப் பார்த்தோம். நஞ்சு நீங்கித் தசைகள் மீளும்வரை நாலைந்து நாள் இயந்திரமே அவனுக்காக மூச்சுவிட்டதாம்; இப்போது படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். ஆச்சி இடக்கையால் அவன் தலையைத் தடவி, “இனிமேல் கட்டிலில் படுத்துக்கொள், ராசா” என்றார்கள். வீட்டில் கட்டில் இல்லை என்றார் தந்தை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் வாளா கிடந்த நார்க்கட்டில், அடுத்த ஞாயிறன்று ஆராதனை முடிந்தபின், அவர்கள் ஊருக்குச் சென்றது.